முடித்துவைக்கப்பட்ட வாதங்கள்: பாரிஸ் நகரக் கழகங்கள் இரண்டின் தீர்மானங்கள்

காணி வழக்குக்கும் ஓர் எல்லை உண்டு. எமது நாட்டில் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்தாண்டுகள் ஒரு காணியைத் தடையின்றியும் பிறருடைய உரிமையை ஒப்புக்கொள்ளாமலும் ஆண்டுவருவாராயின், அதன்பின் பழைய உறுதியை எடுத்துக்கொண்டு வருபவரின் வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. எல்லைவேலிக்கும் கிணற்றுப் பங்குக்குமாகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை அறிந்தோர் இச்சட்டத்தின் அருமையை உணர்வர். சாட்சிகள் இறந்துவிடுவர், உறுதிகள் செல்லரித்துவிடும், வழக்கு மாத்திரம் இறவாதிருப்பது எவருக்கும் நன்மையன்று.

அறிவுத்துறையில் எழும் வாதங்களின் நிலை என்ன? ஒரு வினாவைப் பற்றிப் பன்னூறு ஆண்டுகள் பேசியாயிற்று, சொல்வதற்குரியவற்றையெல்லாம் சொல்லியாயிற்று, இனி இதுபற்றி எவரும் எம்மிடம் எழுதவேண்டாம் என்று ஒரு கற்றோர் கழகம் கதவை அடைத்துவிடலாமா? அடைத்தபின் உண்மையான விடையோடு ஒருவர் வந்தால் அவர் எங்கே செல்வார்? இவ்வினாக்கள் வெறுங் கற்பனை வினாக்கள் அல்ல. பிரான்சு நாட்டின் தலைநகரிலே, தொண்ணூற்றோராண்டு இடைவெளியில், இரண்டு கழகங்கள் இத்தகைய தீர்மானங்களை வெளிப்படையாகவே நிறைவேற்றின. ஒன்று 1775 இல் விஞ்ஞானக் கழகம் செய்தது. மற்றது 1866 இல் மொழியியற் கழகம் செய்தது. இரண்டையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, கதவடைத்தல் என்னும் ஒரே செயல் எவ்வாறு இருவேறு பயன்களைத் தந்ததென்பது புலனாகும்.

முன்னையதை முதலில் எடுத்துக்கொள்வோம். பண்டைக் கிரேக்கர் கேத்திரகணிதத்தில் மூன்று பிரச்சினைகளை விட்டுச்சென்றனர். ஒரு வட்டத்தின் பரப்பளவுக்குச் சமமான பரப்பளவுள்ள சதுரத்தை வரைதல் ஒன்று; தரப்பட்ட கோணம் எதனையும் மூன்று சம கூறிடுதல் இன்னொன்று; ஒரு கனத்தின் இருமடங்கு கொள்ளளவுள்ள கனத்தின் பக்கத்தைக் காணுதல் மூன்றாவது. இவற்றைக் கவராயமும் அளவு குறிக்கப்படாத வரைகோலும் மாத்திரம் கொண்டு செய்தல்வேண்டும் என்பதே நிபந்தனை. வேறு கருவிகளுக்கு இடங்கொடுத்தால் இவற்றுட் சிலவற்றைக் கிரேக்கரே செய்துகாட்டியுள்ளனர். நிபந்தனையை மறந்தவரே பின்னாளிற் பெரும்பாலும் ஏமாந்தவர். அனக்சாகோரசு என்னும் ஞானி சிறையிலிருந்தபோது வட்டத்தைச் சதுரமாக்க முயன்றாரென்று புளூட்டார்க்கு எழுதுகின்றார். கி.மு. 414 இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய அரிஸ்தோபனீசின் 'பறவைகள்' என்னும் நகைச்சுவை நாடகத்திலேயே இம்முயற்சி கேலிக்குரியதாகிவிட்டது. கேலி செய்யப்பட்டும் அது ஓயவில்லை.

1666 இற் கொல்பேர் என்னும் அமைச்சரின் முயற்சியால் நிறுவப்பட்ட பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அரசனின் ஆதரவு பெற்றது. புதிதாகச் செய்யப்படும் இயந்திரங்களுக்கு அரசனிடம் தனியுரிமை கேட்போர் இருப்பின், அவ்வியந்திரங்களைச் சோதித்து அறிக்கையிடும் பொறுப்பை 1699 ஆம் ஆண்டின் விதிகள் இக்கழகத்துக்கு வழங்கின. இதனால் நாட்டின் மூலைமுடுக்கெல்லாமிருந்து கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வரலாயின. வட்டத்தைச் சதுரமாக்கியவர், கோணத்தை முக்கூறிட்டவர், கனத்தை இரட்டித்தவர் ஆகியோருடன், வெளியிலிருந்து விசை பெறாமல் என்றும் ஓயாது இயங்கும் பொறியைக் கண்டுபிடித்தோமென்பாரும் வந்து சேர்ந்தனர். ஒவ்வொன்றையும் ஓர் அங்கத்தவர் படித்துப் பிழை எங்கேயென்று தேடி எழுதவேண்டும். பிழையைக் காட்டிவிட்டால் அவர் திருந்துவாரா? அடுத்த மாதம் திருத்திய விடையுடன் வருவார். ஆசிரியத் தொழில் செய்வார்க்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

1775 இற் கழகம் முடிவு செய்தது. மேற்சொன்ன மூன்று பிரச்சினைகளுக்கும் விடை என்று வருவது எதனையும், ஓயா இயக்கப் பொறி என்று வருவது எதனையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்பதே அத்தீர்மானம். கழகத்தின் ஆண்டு வரலாற்று நூலிற் கொண்டோர்சே இதற்குரிய காரணங்களை விரித்தெழுதினார். அக்காரணங்களே இத்தீர்மானத்தின் சிறப்பு. ஆதலின் அவற்றைச் சற்றே ஊன்றி நோக்குதல் தகும்.

முதலாவது காரணம் அனுபவம். எழுபதாண்டுகளுக்கு மேலாகக் கழகம் இவ்விடைகளைச் சோதித்துவந்திருக்கின்றது. அனுப்புவோர் பிரச்சினையின் இயல்பையோ கடினத்தையோ அறியாதவராயிருக்கின்றனர். அவர்கள் கையாளும் முறைகள், விடை ஒன்று இருக்குமாயினுங்கூட, அதனிடம் கொண்டுசெல்லக்கூடியன அல்ல. இது கழகத்தாரின் களைப்பைக் காட்டுவது. இரண்டாவது காரணமே நெஞ்சைத் தொடுவது. வட்டத்தைச் சதுரமாக்குவோர்க்கு அரசுகள் பெரும்பொருள் பரிசளிக்க வாக்களித்துள்ளன என்றொரு வதந்தி மக்களிடையே பரவியிருந்தது. அப்படியொரு பரிசு எங்கும் இருந்ததில்லை. கடலில் நெடுங்கோட்டைக் கணிக்கும் வழிக்கு 1714 இற் பிரித்தானியப் பாராளுமன்றம் 20,000 பவுண் வரையிற் பரிசு அறிவித்தது உண்மை; வட்டத்துக்கும் நெடுங்கோட்டுக்கும் ஏதோ மறைபொருளான தொடர்புண்டென்று பாமரர் மயங்கினர். இதனை நம்பிப் பலர் தத்தம் தொழிலைக் கைவிட்டு வட்டத்தின்பின் சென்றனர். விடை கண்டோமென்று எண்ணியபின், பிழைகாட்டிய கணித அறிஞரைப் பொறாமைக்காரரென்றும் வஞ்சகரென்றும் பழித்தனர். சிலரது பிடிவாதம் மெய்யாகவே சித்தப்பிரமையில் முடிந்தது. ஓயா இயக்கப் பொறியின் நிலை இன்னும் கொடியது. வட்டத்துக்குக் கடுதாசியும் மையும் போதும். பொறிக்கோ மரமும் இரும்பும் கூலியாளும் வேண்டும். நல்ல கம்மியராய் நாட்டுக்குப் பயன்பட்டிருக்கவேண்டியவர்கள் கைம்முதலையும் காலத்தையும் இழந்து குடும்பத்தையும் அழித்தனர். ஆகவே மனிதாபிமானமே இத்தீர்மானத்தை வேண்டிநின்றது என்று கழகம் கூறிற்று.

கழகம் கதவை மூடியது தன் வசதிக்காக மாத்திரம் அன்று என்பதும், கதவின்முன் நின்று கெட்டழிவோரை வீட்டுக்கு அனுப்பும் நோக்கமும் அதற்கு இருந்தது என்பதும் இதனால் விளங்கும். திறந்த கதவு சிலவேளை கொடுமையாகும். விடை வரும் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவனுக்கு 'வாராது' என்று சொல்லாமலிருப்பது அன்பாகாது.

எனினும் ஓர் ஐயம் எழுகின்றது. 1775 இல் இவற்றுள் எதுவுமே முடியாதது என்று நிறுவப்பட்டிருந்ததா? கேத்திரகணிதப் பிரச்சினைகளைப் பொறுத்தவரையில் இல்லை என்பதே விடை. 1760களிலே லாம்பேர்ட் என்னும் அறிஞர் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதம் விகிதமுறா எண் என்று நிறுவியிருந்தார். அது போதாது. இரண்டின் வர்க்கமூலமும் விகிதமுறா எண்ணே. ஆயினும் ஓரலகுச் சதுரத்தின் மூலைவிட்டத்தை இழுத்தவுடன் அந்நீளம் கைக்கு வந்துவிடுகின்றது. பொறியைப் பொறுத்தவரையிலும், மேயர், ஜூல், எல்மோல்சு ஆகியோர் சத்திக் காப்பு விதியை உருவாக்கியது 1840களிலேதான். உராய்வு பற்றிய பொது நியாயங்களையும் பட்டறிவையும் கொண்டே கழகம் அதனை முற்றாக இயலாததென்றது. அதாவது, கணிதத்தில் நிறுவல் ஒன்று கையில் இல்லாமலே கழகம் கதவை அடைத்தது. தீர்ப்பு எழுதாமலே வழக்கைத் தள்ளியது என்று எதிர்வழக்கறிஞர் ஒருவர் வாதிடக்கூடும்.

அவ்வாறு வாதிடுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கழகம் மறுத்தது விடைகளைப் பரிசீலிப்பதையே. வினாவை ஆராய்வதை அன்று. வினா கணிதருள்ளே உயிரோடிருந்தது. 1837 இலே வான்செல் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர், கோணத்தை முக்கூறிடுதலும் கனத்தை இரட்டித்தலும் கவராயத்தாலும் வரைகோலாலும் இயலாவென்று நிறுவினார். அக்கட்டுரை பாரிஸ் நகரத்துக் கணித சஞ்சிகை ஒன்றிலேயே வெளிவந்தது. (அதனை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் எவரும் பொருட்படுத்தவில்லை என்பது இன்னொரு துன்பக் கதை. கதவு திறந்திருந்தும் உள்ளே இருப்போர் தூங்குவதுண்டு.) 1873 இல் ஏர்மித், இயற்கை மடக்கையின் அடியாகிய எண், முழு எண்களைக் குணகங்களாகக் கொண்ட எவ்வகை அட்சரகணிதச் சமன்பாட்டுக்கும் மூலமாக வாராதது எனக் காட்டினார். அம்முறையைப் பின்பற்றியே லின்டமன் என்னும் செர்மானியர் 1882 இல் வட்டத்தின் விகிதமும் அத்தகையதே என்று நிறுவி, வட்டத்தைச் சதுரமாக்கல் என்றும் இயலாதென்று முடித்துவைத்தார். ஏர்மித் யார்? கதவடைத்த அதே பாரிஸ் கழகத்தின் பிற்கால அங்கத்தவர்களுள் ஒருவர். தீர்மானத்துக்கும் நிறுவலுக்கும் இடையிற் சென்றன நூற்றேழு ஆண்டுகள். அந்நூற்றேழு ஆண்டுகளிலும் கழகம் வட்டச் சதுரக்காரரின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்திருப்பின் லின்டமனின் நிறுவல் ஒருநாளாவது முந்தியிருக்குமென்று நான் நம்பவில்லை.

கதவடைக்காதவர்கள் பட்ட பாட்டையும் ஒரு சிறிது சொல்லிவிடலாம். இலண்டனிற் கணிதப் பேராசிரியராயிருந்த டி மோர்கன், இத்தகைய விடைக்காரருடன் ஆண்டுக்கணக்காக வாதிட்டார்; அவ்வாதங்களைத் திரட்டிய அவரது நூல் அவர் இறந்தபின் 1872 இல் அச்சேறியது. லிவர்ப்பூல் வணிகராகிய ஜேம்சு சிமித் என்பார், வட்டத்தின் விகிதம் சரியாக மூன்றேயரைக்கால் என்று சாதித்து நூல்மேல் நூலெழுதினார். டி மோர்கனின் நகைச்சுவை இன்றும் படிக்க இனியது. சிமித்தை அது அணுவளவும் அசைக்கவில்லை. 1897 இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே இன்னும் விசித்திரமான ஒன்று நிகழ்ந்தது. குட்வின் என்னும் மருத்துவர் தமது வட்டச் சதுரக் கண்டுபிடிப்பைச் சட்டமாக்கும்படி ஒரு மசோதா கொண்டுவரச் செய்தார். மாநிலத்தின் கீழ்ச் சபை 67 வாக்குகளால், எதிர்ப்பு ஒன்றுமின்றி, அதனை நிறைவேற்றியது! தற்செயலாக அங்கு வந்திருந்த கணிதப் பேராசிரியர் ஒருவர் விளக்கியதன் பயனாக மேற்சபை அதனைக் காலவரையறையின்றி ஒத்திவைத்தது. கற்றோர் கழகம் கதவடைத்தால் வாதம் அழிந்துபோவதில்லை. கல்லாதார் சபைக்குப் போய்விடுகின்றது என்பதற்கும் இதனை உதாரணமாகக் காட்டலாம்.

எனது அனுபவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் கோணத்தை முக்கூறிடும் தமது முறையுடன் நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு வந்தார். கணித ஆசிரியர் அன்று விடுமுறையிலிருந்தமையால், வரலாறு கற்பிக்கும் என்னிடம் அவரை அனுப்பிவிட்டனர். நான்கு கொப்பிகள், ஒவ்வொரு படமும் அச்சிட்டாற்போன்ற துல்லியம். அறுபது பாகைக் கோணத்தை அவர் முக்கூறிட்டதைக் கோணமானியால் அளந்தபோது பிழை எனக்குத் தெரியவில்லை. அத்துணை நெருக்கமான ஓர் அண்ணளவு அது. இயலாதென்று 1837 இலேயே நிறுவப்பட்டுவிட்டது என்று நூலிற் படித்ததைச் சொன்னேன். "தம்பி, அவர் செய்துபார்த்தவரோ?" என்று கேட்டார். என்னிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. வான்செலின் நிறுவலை விளங்கிக்கொள்ளும் கணிதம் அன்று என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. வேறொருவர் நிறுவியதை நம்பி நான் கதவை அடைத்தேன் என்பதே உண்மை. பாரிஸ் கழகத்தாரின் நிலையை நான் ஓரளவு உணரத் தொடங்கியது அன்றுதான்.

தீர்மானம் நிறைவேற்றாமலே கதவடைபடும் முறையும் ஒன்று உண்டு. அதுவே மிகுந்த தீங்கு செய்வது. அதே விஞ்ஞானக் கழகத்தின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று கிடைக்கின்றது. 1768 செப்டம்பர் 13 ஆம் நாள் பிரான்சின் லூசே என்னும் ஊரிலே, வயலில் நின்றோர் இடிபோன்ற ஓசையின்பின் ஒரு கல் வானிலிருந்து விழக் கண்டனர். லவோசியேயும் வேறிருவரும் அக்கல்லைச் சோதித்து 1772 இல் அறிக்கையிட்டனர். வானிலிருந்து விழுந்ததன்று, நிலத்திலிருந்த கந்தகக் கல்லை மின்னல் தாக்கியது என்பதே அவர்தம் முடிவு. வானிற் கல் இல்லை. ஆகவே வானிலிருந்து கல் விழாது என்பது அக்காலத்தார் கருத்து. இவ்வினாவைக் கழகம் எத்தீர்மானத்தாலும் அடைக்கவில்லை. ஆனால் கல் விழுந்ததென்று சாட்சி சொல்ல வருவோனைப் பார்த்துக் கற்றோர் சிரித்தனர், அச்சிரிப்பே தாழ்ப்பாளாயிற்று. 1794 இற் சிலாட்னி என்பார் செர்மனியில் இதற்கு மாறாக எழுதியபோது அவரும் ஏளனத்துக்கு ஆளானார். 1803 ஏப்பிரில் 26 ஆம் நாள் நோர்மண்டியில் லேகிள் என்னும் ஊரைச் சூழ ஏறக்குறைய 3000 கற்கள் பொழிந்தன. அரசு அனுப்பப் பியோ என்னும் இளம் பௌதிக அறிஞர் நேரிற் சென்று, ஊர் ஊராக விசாரித்து, கற்கள் கிடந்த நிலப்பரப்பையும் வரைந்து அறிக்கையிட்ட பின்னரே ஐயம் தீர்ந்தது. வயலில் நின்ற குடியானவனின் கூற்று முப்பத்தைந்து ஆண்டுகளின்பின் மெய்யாயிற்று. தீர்மானமாக எழுதியிருப்பின், 'இன்ன காரணத்தால் மறுக்கின்றோம்' என்று சொல்லவேண்டியிருந்திருக்கும். சொன்ன காரணத்தை மறுக்கவும் எவரேனும் முன்வந்திருப்பர்.

இனி 1866 ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்கு வருவோம். அவ்வாண்டு அரசின் அங்கீகாரம் பெற்ற பாரிஸ் மொழியியற் கழகத்தின் விதிகளுள் இரண்டாவது, மொழியின் தோற்றம் பற்றியோ உலகப் பொதுமொழி ஒன்றை ஆக்குதல் பற்றியோ எழுதப்படும் எதனையும் கழகம் ஏற்காதென்று கூறிற்று.

மொழி எவ்வாறு தோன்றியது என்ற வினா வட்டத்தைப்போலவே பழையது. எகிப்திய மன்னன் சம்மெத்திக்கசு, பிறந்த குழந்தைகள் இரண்டை ஓர் இடையனிடம் ஒப்படைத்து, அவற்றின் செவியில் எச்சொல்லும் விழாமல் வளர்க்கச் செய்தானென்று எரோதோத்தசு எழுதுகின்றார். இரண்டாண்டுகளின்பின் குழந்தைகள் 'பெக்கோசு' என்றனவாம். பிரிகிய மொழியில் அது அப்பத்தைக் குறிப்பதாகலின், பிரிகியரே உலகின் மூத்த குடியினர் என்று மன்னன் ஒப்புக்கொண்டானாம். 1769 இற் பெர்லின் கழகம் இவ்வினாவையே பரிசுக் கட்டுரைக்குப் பொருளாக வைத்தது. ஏர்டர் பரிசு பெற்றார். 1859 இல் டார்வினின் நூல் வெளிவந்தபின் ஊகங்கள் பெருகின. எமது நாட்டார் இருக்கு வேதப் பதிப்பினால் நன்கறிந்த மாக்சு முல்லர், 1861 இல் இலண்டனில் ஆற்றிய விரிவுரைகளில், மொழி விலங்கொலியைப் பின்பற்றி எழுந்தது என்போரின் கொள்கையை நாய்க்குரைப்பின் பெயராலும், உணர்ச்சி ஒலியினின்று எழுந்தது என்போரின் கொள்கையை 'சீச்சீ' என்பது போன்றதோர் ஒலியின் பெயராலும் அழைத்து எள்ளினார். அவர் தாமே முன்மொழிந்த கொள்கையும் பிறரால் அவ்வாறே எள்ளப்பட்டது.

இந்நிலையிற் புதிய கழகத்தார் விரும்பியது சான்று காட்டி முடிக்கக்கூடிய வேலையை. ஒலி மாற்றங்களை ஒழுங்குபடுத்தி, மொழிகளை ஒப்பிட்டு, இனங் காணும் வேலை அது. கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அத்தகையதோர் உழைப்பு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் எவ்வாறு உறவினவென்று அதிலே சொல்லுக்குச் சொல், விகுதிக்கு விகுதி காட்டப்பட்டிருக்கின்றது. ஆதி மனிதன் முதலிற் சொன்ன சொல் யாதென்பதற்கு அவ்வாறு காட்டத்தக்க சான்று 1866 இல் எவரிடமும் இருக்கவில்லை. ஆகவே மொழியியலார் தம் வீட்டைத் துப்புரவு செய்துகொண்டனர் என்று கொள்ளலாம். அந்த அளவிலே அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கின்றது. அதே பாரிஸ் நகரிலே, இவ்விதி எழுதப்படுவதற்கு ஐந்தாண்டுகளின் முன், 1861 இல், புரோக்கா என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் மானிடவியற் கழகத்தின்முன் ஒரு மூளையை வைத்துக் காட்டினார். அது லெபோர்ன் என்னும் நோயாளியுடையது. இருபத்தோராண்டு மருத்துவமனையிலிருந்த அவர் பிறர் சொல்வதை விளங்கிக்கொள்வார். தாமோ 'தான்' என்னும் ஓரொலியைத் தவிர ஏறக்குறைய வேறெதனையும் சொல்லமாட்டார். அவரது மூளையின் இடப்பக்க முன்மடலில் ஒரு பகுதி கெட்டிருந்தது. பேச்சுக்கும் மூளையின் ஓரிடத்துக்கும் தொடர்புண்டென்பதற்குக் கண்ணாற் காணும் சான்று கிடைத்துவிட்டது. மொழியின் தோற்றம் பற்றிய வினாவுக்கு வருங்காலத்திற் சான்று எத்திக்கிலிருந்து வருமென்பதை அது முன்னறிவித்தது. ஒரு கழகம் கதவை அடைக்கும் வேளையில் அயல்வீட்டிலே விளக்கேற்றப்பட்டிருந்தது.

சான்றுகள் மெல்ல மெல்லச் சேர்ந்தன. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை மொழியியலாரின் கையில் எழுந்தனவல்ல. 1975 இல் நியூயோர்க் விஞ்ஞானக் கழகம் இப்பொருள் பற்றி ஒரு பெரிய மாநாட்டைக் கூட்டியபோது, உடற்கூற்றியலாரும் விலங்கியலாரும் உளவியலாரும் மானிடவியலாரும் வந்திருந்தனர். 1983 இல் இசுரவேலின் கெபரா குகையிலே நியண்டர்தால் மனிதனொருவனின் நாவடி எலும்பு கிடைத்தது. அது எமது எலும்பைப் பெரிதும் ஒத்திருந்தது. 1970களின் பிற்பகுதி தொட்டு நிக்கராகுவாவிற் செவிப்புலனற்ற குழந்தைகள் ஒரு பாடசாலையில் ஒன்றுசேர்ந்தபோது, எவரும் கற்பிக்காத ஒரு சைகைமொழி அவர்களிடையே தோன்றி, இளையோர் கையில் இலக்கண ஒழுங்கு பெற்று வளர்வதை அறிஞர் நேரிற் கண்டனர். சம்மெத்திக்கசு கொடுமையாகச் செய்துபார்க்க விரும்பியதை இயற்கையே இங்கு வேறுவிதமாகச் செய்துகாட்டிற்று எனலாம். 2001 இல், மூன்று தலைமுறையாகப் பேச்சுக் குறைபாடுடைய ஒரு குடும்பத்தை ஆராய்ந்தோர் அக்குறைபாட்டுக்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தனர். இவற்றால் வினா முற்றாகத் தீர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது. வினாவுக்குச் சான்று உண்டாகிவிட்டது என்பதே பொருள்.

அப்படியாயின் 1866 ஆம் ஆண்டு விதி செய்த தீங்குதான் யாது? ஒரு கழகம் தன்னிடம் வரும் கட்டுரைகளுக்கு வகுத்த வாயில்விதி அது. காலஞ்செல்ல, அதனை மேற்கோளாக எடுத்தாண்டோர், 'இது ஆராயத்தகாத பொருள் என்று அறிஞர் முடிவு செய்துவிட்டனர்' என்ற கருத்திற் கையாளலாயினர். வாயில்விதி தீர்ப்பாக மாறிவிட்டது. மதிப்புள்ள மொழியியலாளர் நீண்டகாலம் இதனைத் தொட அஞ்சினர். இம்மாற்றம் ஏன் எளிதில் நிகழ்ந்தது? 1775 ஆம் ஆண்டுத் தீர்மானத்துடன் அதற்குரிய காரணங்கள் கூடவே எழுதப்பட்டிருந்தன. படிப்பவன் அக்காரணங்கள் இன்னும் நிற்கின்றனவா என்று தானே சோதித்துக்கொள்ளலாம். 1866 ஆம் ஆண்டு விதியோ ஒரே வாக்கியம். காரணம் அதனுட் கூறப்படவில்லை. சான்று இன்மையால் அடைத்தோம் என்று எழுதியிருப்பின், சான்று வந்த அன்றே திறக்கவேண்டும் என்பது தானாகப் பெறப்படும்.

எமது சமயநூல் மரபை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திற் பதினான்கு மதங்களின் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுக்கின்றார். ஒவ்வொரு மதத்துக்கும் முதலில் அம்மதத்தாரே சொல்வதுபோல அவர்தம் கொள்கை கூறப்படும். மறுப்பு அதன் பின்னரே வரும். மறுப்போடு ஆசிரியரளவில் வாதம் முடிந்தது. ஆயினும் மறுக்கப்பட்ட கூற்றும் ஏட்டிலே கிடக்கின்றது. மறுப்பு போதாதென்று கருதும் ஒருவன் எந்த நூற்றாண்டிலும் அதனை எடுத்துப் பார்க்கலாம்.

பாரிஸ் நகரத்தில் அவ்வாறு கிடந்தது லெபோர்னின் மூளை. புரோக்கா அதனை வெட்டிப் பிரிக்காமல் முழுதாகவே திரவத்திலிட்டு அரும்பொருட்சாலையில் வைத்துவிட்டார். வெட்டியிருந்தால் உட்பகுதியையும் தாம் பார்த்திருக்கலாம், ஆனால் பின்வருவோர்க்குப் பார்க்க ஒன்றும் எஞ்சியிராது. 2007 இல், நூற்றுநாற்பத்தாறு ஆண்டுகளின் பின், அறிஞர் சிலர் காந்த அதிர்வுப் படப்பிடிப்பினால் அதனை மீண்டும் ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். சேதம் புரோக்கா மேற்பரப்பிற் கண்ட இடத்தோடு நிற்கவில்லை. மூளையின் ஆழத்திலுள்ள நார்ப்பாதைகள் வரை சென்றிருந்தது.